வேத வசனத்துல பிரியம் வர்றது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பைபிள் வாசிக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு, ஆனா திறந்து நாலு வசனம் போறதுக்குள்ள மனசு எங்கிட்டோ போயிருது, அப்புறம் மூடி வச்சா ஒரு மாசம் கழிச்சுத்தான் திரும்ப எடுக்குறோம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம்னு எங்க கடற்கரைப் பக்கம் வாலிபப் பிள்ளைங்க கிட்ட பேசுனா நெறைய பேரு சொல்றது இதுதான். கோயிலுக்குப் போறாங்க, ஜெபம் பண்றாங்க, பைபிள் மட்டும் கடமை மாதிரி இருக்கு. அவங்களுக்காகவும், இப்பத்தான் விசுவாசத்துக்குள்ள வந்தவங்களுக்காகவும் இதை எழுதுறேன்.

சங்கீதப் புஸ்தகத்தோட முதல் அதிகாரத்தை எடுங்க, மொத்தமே 6 வசனம். அதுல யாரைப் பாக்கியவான்னு சொல்லுதுன்னு பாருங்க. முழு பைபிளையும் ஒரு வருஷத்துல முடிச்சவன்னு சொல்லல, நெறைய தெரிஞ்சவன்னும் சொல்லல. "கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருந்து, இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்." பிரியமும் தியானமும் சேர்ந்து வருது. பிரியம் இல்லையே, அப்ப எப்படி தியானிக்கிறதுன்னு கேப்பீங்க. கொஞ்சத்தை எடுத்து அதுலயே ரொம்ப நேரம் நின்னா பிரியம் தானா வர ஆரம்பிக்கும், நிறைய எடுத்து ஓட ஓட அது வராது. நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான், கீழ இருக்கறது எல்லாம் அதை எப்படி செய்யுறதுங்கறது.

தியானம்னு சொன்னதும் கண்ணை மூடி மூச்சைக் கவனிச்சு மனசைக் காலியாக்கணும்னு சில பேரு நினைச்சுக்குறாங்க. இங்க அப்படிக் கிடையாது, ஒரு வசனத்தை மனசு முழுக்க வச்சுக்கிட்டு அதையே திருப்பித் திருப்பிப் பாக்குறது, வாயால சொல்றது, அதைப் பத்தி ஆண்டவர்ட்ட பேசுறது. லூக்கா 2:19ல மரியாள் மேய்ப்பர்கள் சொன்னதையெல்லாம் "தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்"னு இருக்குல்ல, கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு மாட்டுத்தொழுவத்துல இருந்தப்ப செஞ்சது அது. தனியா ரூம் வேணும், அமைதியா இருக்கணும்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல.

எந்த பைபிள், எந்த நேரம்

இதுல ரொம்ப யோசிக்க வேணாம். வீட்டுல இருக்கறது எதுவோ அதை எடுங்க. கத்தோலிக்கக் குடும்பம்னா 1995ல வந்த திருவிவிலியம் இருக்கும், அதுல சங்கீதத்துக்குத் திருப்பாடல்கள்னு பேரு, தமிழ் கொஞ்சம் சுலபம். சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே வீடுன்னா பழைய மொழிபெயர்ப்பு இருக்கும், அது காதுக்கு நல்லா இருக்கும், மனப்பாடத்துக்கும் சௌகரியம். நான் இங்க பழைய மொழிபெயர்ப்புலதான் வசனம் சொல்றேன், நீங்க உங்க வீட்டுல இருக்கறதுலயே பாருங்க. போன்ல வாசிச்சாலும் தப்பில்ல, ஆனா டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு வாசிங்க, இல்லாட்டி வாட்ஸ்அப் மெசேஜ் ஒண்ணு வந்தாப் போதும், அன்னைக்கு வசனம் போச்சு.

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கஷ்டப்படுற பெரியவங்க வீட்டுல இருந்தா ஆடியோ பைபிள் டவுன்லோட் பண்ணிக் கொடுங்க, இல்ல பேரப்பிள்ளைய விட்டு அப்பத்தாவுக்கு நாலு வசனம் தினம் வாசிக்கச் சொல்லுங்க. படிக்கத் தெரியாதது இதுக்கு ஒரு தடையே இல்ல. 1542ல முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு, வந்த புனித சவேரியார்ங்கற குரு ஜெபங்களைத் தமிழ்ல மனப்பாடம் பண்ணி, சனங்களைக் கூட்டி வரி வரியா சொல்லிக் கொடுத்துத்தான் ஆரம்பிச்சார், 1715ல தரங்கம்பாடியில புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகுறதுக்கு ரொம்ப முந்தியே இந்தக் கடற்கரை சனம் காதால கேட்டு வாயால சொல்லித்தான் விசுவாசத்தைப் பிடிச்சு வச்சிருந்துச்சு.

நேரத்துக்கு வந்தா, விடியக்காலம்தான் நல்லதுன்னு பிரசங்கத்துல சொல்லுவாங்க, சரிதான், ஆனா ராத்திரி கடலுக்குப் போயிட்டு விடியக்காலம் கரைக்கு வந்து மீனை எடுத்துப் போட்டு ஏலம் முடியுற வரைக்கும் நிக்கிறவருக்கு அது எப்படி ஆகும். உங்க வேலைக்கு எது தோதோ அந்த நேரத்தை வைங்க, தினமும் அதே நேரம்ங்கறது மட்டும் மாறாம பாத்துக்கங்க. பத்து நிமிஷம் போதும், ஆரம்பத்துல அதுக்கு மேல வேணாம்னே சொல்லுவேன்.

எங்க ஆரம்பிக்கிறது

ஆதியாகமத்துல இருந்து வரிசையா ஆரம்பிக்காதீங்க. ஆதியாகமமும் யாத்திராகமத்துல பாதியும் கதையா ஓடிரும், லேவியராகமத்துல பலி முறைமை வந்ததும் நின்னு போகும். அதுவும் தேவ வசனம்தான், அதுக்கு ஒரு காலம் வரும். புது ஆளுக்கு நான் சொல்றது மூணு இடம்: சங்கீதம் 1, சங்கீதம் 23, லூக்கா 5:1-11. இந்த மூணுலயே ஒரு மாசம் இருக்கலாம், அவசரமே இல்ல.

லூக்கா 5 எதுக்குன்னா அது நம்ம தொழில். அதை வச்சே எப்படி தியானிக்கிறதுன்னு ஒரு தடவை முழுசா செஞ்சு காட்டுறேன், கூடவே பைபிளைத் திறந்து வச்சுக்கங்க.

மொதல்ல சின்னதா ஒரு ஜெபம், ஒரு வரி போதும்: ஆண்டவரே, என் கண்ணைத் திறந்து விடும். அப்புறம் 11 வசனத்தையும் சத்தமா வாசிங்க, முணுமுணுப்பாவாச்சும் உதடு அசையணும். யோசுவா 1:8ல "உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக"ன்னு சொல்லிட்டுத்தான் இரவும் பகலும் தியானிக்கச் சொல்லுது, அதனால வாய்க்கு இதுல வேலை இருக்கு. ஒரு தடவை வாசிச்சதும் நிறுத்தாம ரெண்டாந் தடவை மெதுவா வாசிங்க, இந்தத் தடவை எந்த இடம் உங்களை இழுக்குதோ அங்க நின்னுருங்க, மிச்சத்தை முடிக்கணும்னு கட்டாயம் இல்ல.

2ஆம் வசனத்துலயே நின்னுட்டீங்கன்னு வைங்க. மீன்பிடிக்கிறவங்க படவை விட்டு இறங்கி "வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள்." ஊர்ல இருக்கறவங்க இதை வாசிச்சுட்டுப் போயிருவாங்க, நமக்கு அப்படி முடியாது. வலைய அலசுறது என்னன்னு நமக்குத் தெரியும், பாசியும் குப்பையும் சொறிங்கற ஜெல்லிமீனும் கண்ணியில மாட்டியிருக்கும், கை அரிக்கும், அதை ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டு உதறணும். மீன் பட்ட அன்னைக்கு அந்த வேலை தெரியாது, பேசிக்கிட்டே செஞ்சிரலாம். ஒண்ணும் படாத அன்னைக்கும் அதே வேலை அப்படியே இருக்கு, டீசல் காசு இல்ல, தூக்கம் இல்ல, வீட்டுல என்ன சொல்றதுன்னு தெரியல, ஆனாலும் வலைய அலசித்தான் ஆகணும். பேதுரு, அதாவது வசனத்துல வர்ற சீமோன், அந்த நேரத்துல இருக்கான். இயேசு அப்பத்தான் வர்றாரு. ஜெபக்கூட்டத்துல இருக்கறப்ப வரல, நல்லா மீன் பட்ட அன்னைக்கு வரல.

இங்கயே ஒரு நாள் நிக்கலாம். ஒண்ணும் படாத அன்னைக்கு என் கரைக்கு வர்றவர் இவர், இந்த ஒரு நினைப்பை வச்சுக்கிட்டு நாள் முழுக்க இருந்து பாருங்க.

மறுநாள் 3ஆம் வசனம். அவர் வந்து கேக்குற முதல் காரியம் என்ன தெரியுமா, படவைக் கொஞ்சம் கரையில இருந்து தள்ளுன்னு கேக்குறாரு. தூக்கக் கலக்கத்துல இருக்கறவன் கிட்ட படவைக் கேக்குறாரு, அதுல உக்காந்து கூட்டத்துக்குப் போதகம் பண்றாரு. வலை காலியா இருக்கு, படவும் காலிதான், அந்தக் காலி படவு அவருக்கு வேணும்.

அதுக்கடுத்த நாள் 5ஆம் வசனம், "ஐயரே, இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்." இதுல பேதுரு உண்மையை மறைக்கல, ஒண்ணும் கிடைக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் கீழ்ப்படியுறான். உங்க ஜெபத்துலயும் அப்படிச் சொல்லலாம். கடன் இன்னும் அடையல, பையன் இன்னும் திருந்தல, உடம்பு சரியாகல, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியேன்னு உங்க சொந்தக் காரியத்தை அந்த வரிக்குள்ள வச்சு ரெண்டு மூணு தடவை சொல்லுங்க. வாசிச்சது ஜெபமா மாறுற இடம் அது. 12ஆம் நூற்றாண்டுல கிகோன்னு ஒரு துறவி இதைத்தான் நாலு படியா எழுதி வச்சாரு: வாசிக்கிறது, சிந்திக்கிறது, ஜெபிக்கிறது, அப்புறம் ஒண்ணும் பேசாம அவர் சமுகத்துல இருக்கறது. நாலாவது படியைப் புது ஆளுங்க விட்டுருவாங்க, ஜெபம் முடிஞ்சதும் ஆமென்னு சொல்லி எந்திரிச்சுருவாங்க. ஒரு நிமிஷம் சும்மா இருங்க, கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லாம அவரோட இருக்குற அந்த நேரத்துலதான் சந்தோஷம் வந்து உக்காருது.

கடைசியா ஒரு நோட்டுல தேதி போட்டு ஒரே ஒரு வரி எழுதுங்க. விளக்கம் எழுத வேணாம், இன்னைக்கு என்ன பிடிச்சுதோ அது மட்டும். எழுத வராதவங்க போன்ல வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி வைக்கலாம். ஆறு மாசம் கழிச்சு திரும்பப் பாத்தா ஆண்டவர் உங்களை எங்க இருந்து எங்க கூட்டிட்டு வந்திருக்காருன்னு உங்களுக்கே தெரியும்.

மனப்பாடம்

இதுல சோம்பல் படாதீங்க, ஏன்னா இரவும் பகலும்ங்கறதுக்கு வேற வழியே கிடையாது. கொஞ்ச தூரம் கடலுக்குள்ள போனா சிக்னல் போயிரும், கண்ணாடி மாட்டிக்கிட்டு பாசி எடுக்கப் போற பெண்களுக்கு இடுப்பளவு தண்ணியில பைபிள் எங்க, போன் எங்க. மனசுல இருந்தாத்தான் உண்டு. வனாந்தரத்துல இயேசுவை சோதிக்கிறவன் வந்தப்ப அவர் கையில சுருள் கிடையாது, "மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல"ன்னு உபாகமத்துல இருந்து வாயில வந்துச்சு, மூணு தடவையும் உபாகமத்துல இருந்தே பதில் சொன்னாரு.

எப்படிப் பண்றதுன்னா, வாரத்துக்கு ஒரே ஒரு வசனம். அதை மூச்சு விடுற இடமாப் பாத்து உடைச்சுக்கங்க. சங்கீதம் 1:3ஐ எடுத்தா, "அவன் நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்டு" ஒரு துண்டு, "தன் காலத்தில் தன் கனியைத் தந்து" ஒரு துண்டு, "இலையுதிராதிருக்கிற மரத்தைப்போலிருப்பான்" ஒரு துண்டு, "அவன் செய்வதெல்லாம் வாய்க்கும்" கடைசி. திங்கக்கிழமை முதல் துண்டு மட்டும், செவ்வாய் ரெண்டையும் சேத்து, அப்படியே போனா வியாழன் முடிஞ்சிரும், மிச்ச நாள் சும்மா சொல்லிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். கருப்பட்டித் துண்டை கடவாய்ல ஒதுக்கி வச்சிருக்கற மாதிரி வாயிலயே கிடக்கட்டும்.

கைக்கு வேலை இருந்து வாய்க்கு வேலை இல்லாத நேரம் எதுன்னு பாத்து அதுல போடுங்க. எங்க தெருவுல ஒரு அக்கா திண்ணையில உக்காந்து வலை பின்னும், கால் பெருவிரல்ல வலைய மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, ஊசி ஒரு கண்ணிக்குள்ள போயிட்டு வரும்போது ஒரு துண்டு சொல்லும், முடிச்சை இறுக்கும்போது அடுத்த துண்டு. பக்கத்துல விளையாடுற பிள்ளைங்களுக்கும் அது காதுல விழுந்து விழுந்து மனப்பாடம் ஆயிருச்சு, அதுங்களுக்கு யாரும் உக்கார வச்சு சொல்லிக் கொடுக்கல.

அந்த மரத்தைப் பத்தி ஒண்ணு சொல்லிக்கிறேன், மனப்பாடம் பண்ணதுக்கு அப்புறம் வசனம் எப்படி உள்ள வேலை செய்யும்ங்கறதுக்காக. நம்ம ராமநாதபுரம் சீமை வறண்ட பூமி, தள்ளுவண்டியில குடத்தை அடுக்கிக்கிட்டு நல்ல தண்ணிக்குப் போற சனம் நாம. இந்த வசனத்தை மனசுல வச்சுக்கிட்டு ரோட்டுல போனா சீமைக்கருவேலம் கண்ணுல படும். எவ்வளவு வெயில் அடிச்சாலும் கச்சான் காத்துல மண்ணு வாரி அடிச்சாலும் அதுவும் பச்சையாத்தான் நிக்குது. ஆனா பெரும்பாலும் யாரும் நட்டது இல்ல, நெழலுக்குப் போய் நின்னா முள்ளு, ஆடு திங்கிற நெத்தையும் விறகு, கரியையும் விட்டா அதுல வேற ஒண்ணும் இல்ல. ஊரணிக் கரையில பெரியவங்க நட்டு வச்ச அரசமரம், ஆலமரம் வேற மாதிரி, ஒதுங்குனவங்களுக்கெல்லாம் இடம் கொடுக்குது. நான் எப்படிப் பச்சையா இருக்கேன், என் பக்கத்துல வந்தவங்களுக்கு முள்ளு குத்துதா நெழல் கிடைக்குதா? எந்தப் பிரசங்கத்துலயும் கேட்டது இல்ல இந்தக் கேள்வி, வசனம் மனசுல இருந்ததால ரோட்டு ஓரத்துல வந்துச்சு.

வாக்குத்தத்த அட்டை

புது வருஷ ஆராதனையில ஆளுக்கு ஒரு வசனம் எழுதுன வாக்குத்தத்த அட்டை எடுப்போம், பிரேம் போட்டு மாட்டுவோம், ஸ்டேட்டஸ் வைப்போம். நல்ல பழக்கம்தான், ஆனா வந்த வசனத்தோட அதிகாரத்தைத் திறந்து முழுசா வாசிக்கிறவங்க கம்மி, இது எனக்கு ரொம்ப வருத்தம். எரேமியா 29:11 நெறைய பேருக்கு வரும், "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதுக்கு முன்னாடி வசனத்தைப் பாருங்க, பாபிலோன்ல 70 வருஷம் ஆகும்னு இருக்கு. ஊரை விட்டுப் பிடிச்சுட்டுப் போன சனத்துக்கு எழுதுன கடிதம் அது. 5ஆம் வசனத்துல வீட்டைக் கட்டுங்க, தோட்டம் போடுங்க, அங்கயே பிழைக்கிற வழியைப் பாருங்கன்னு சொல்றாரு. முழுசும் வாசிச்சதுக்கு அப்புறம் அந்த வாக்குத்தத்தம் சின்னதாகல, இன்னும் ஆழமாகுது, ஏன்னா சீக்கிரம் திரும்ப முடியாதவங்களையும் அவர் மறக்கலன்னு தெரியுது.

"அவன் செய்வதெல்லாம் வாய்க்கும்"ங்கறதையும் அதே மாதிரி எடுத்துக்கங்க. இதைச் சொன்னா வலை நெறையும், லோன் கிடைக்கும்னு யாராவது சொல்லிக் கொடுத்தா கேக்காதீங்க. லூக்கா 5ல வலை கிழியுற அளவுக்கு மீன் பட்டுச்சு, அன்னைக்கே அவங்க எல்லாத்தையும் விட்டுட்டு அவர் பின்னாடி போயிட்டாங்க. மீனை விடப் பெருசா ஒண்ணு அவங்களுக்குக் கிடைச்சுருச்சு, வாய்க்கிறதுன்னா அது.

துக்கத்துல இருக்கறவங்களுக்கு

சந்தோஷம் சந்தோஷம்னு சொல்றீங்களே, வீட்டு ஆம்பள இலங்கை ஜெயில்ல இருக்கும்போது, படவு பிடிபட்டு கடன் மட்டும் மிச்சம் இருக்கும்போது என்ன சந்தோஷம்னு கேக்குற குடும்பங்கள் நம்ம கடற்கரையில எத்தனையோ இருக்கு. அவங்க கிட்ட போய் சிரிச்ச முகமா இருங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வேதமும் சொல்லல. சங்கீதம் 13 "கர்த்தாவே, எதுவரைக்கும்"னு ஆரம்பிக்குது. சங்கீதம் 42:7ல "உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது"ன்னு சங்கீதக்காரன் அழுவுறான். அழுறதுக்கே வேதத்துல வார்த்தை இருக்கு, அதை எடுத்து அழுங்க, அதுவும் தியானம்தான். சங்கீதம் 119:92ஐ ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க: "உமது வேதம் என் மனமகிழ்ச்சியாயிராதிருந்தால், என் துக்கத்திலே அழிந்துபோயிருப்பேன்." இதை எழுதுனவனுக்கு துக்கம் இருந்துச்சு, போகல, ஆனா அவன் அழியல.

பவுலும் சீலாவும் பிலிப்பி ஜெயில்ல அடி வாங்கி, கால் தொழுமரத்துல மாட்டி இருக்கும்போது நடுராத்திரியில பாடுனாங்க, அப்போஸ்தலர் 16ல இருக்கு. நம்ம ஓரியூர்ல இயேசு சபை குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி விசுவாசத்துக்காக வெட்டுப்பட்டாரு, அதுக்கு முந்தின நாள் காவல்ல இருந்துக்கிட்டே கடிதம் எழுதி சாவை ஆவலா எதிர்பாக்குறேன்னு சொன்னாரு. ஓரியூர் போயி அந்த செம்மண்ணை எடுத்துட்டு வர்றோம், அடுத்த தடவை போகும்போது அங்க உக்காந்து பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தை மெதுவா வாசிச்சுப் பாருங்க, அதுவும் காவல்ல இருந்து எழுதுனதுதான்.

இன்னொண்ணு, சங்கீதம் 107ல 23ல இருந்து 30 வரைக்கும். கப்பலேறி திரளான தண்ணியில தொழில் செய்யுறவங்களைப் பத்தி, கொந்தளிப்புல "அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போகிறது"ன்னு வரும். 1964 தனுஷ்கோடி புயலைப் பாத்த பெரியவங்க யாராவது இருந்தா அவங்களோட உக்காந்து இதை வாசிங்க, நீங்க விளக்கம் சொல்லாதீங்க, அவங்க பேசுறதைக் கேளுங்க. 30ஆம் வசனத்துல அமைதலானதுனால அவங்க சந்தோஷப்படுறாங்கன்னு வரும், "தாங்கள் நாடின துறைமுகத்தில்" கொண்டுவந்து சேர்க்கிறார். புயலடிச்ச ராத்திரி கரையில நின்னு படவு வர்றதைப் பாத்தவங்களுக்கு அந்த சந்தோஷத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

சில நாள் ஒண்ணுமே தோணாது, வசனம் கட்டையா இருக்கும். பயப்படாதீங்க, வாசிச்சுட்டு எந்திரிச்சுப் போங்க, மறுநாள் அதே நேரம் உக்காருங்க. புரியாத இடம் வந்தா பாதர், உபதேசியார், பாஸ்டர் யார்ட்டயாவது கேளுங்க, யூடியூப்ல தேடி நாலு வீடியோ பாக்குறதுக்குள்ள உங்க பத்து நிமிஷம் முடிஞ்சுரும்.

மாசம் ரெண்டு மூணு ஆனதுக்கு அப்புறம்

சங்கீதம் 119க்குப் போங்க. 176 வசனம்னு மலைச்சுராதீங்க, எபிரெய மொழியோட 22 எழுத்துல ஒவ்வொரு எழுத்துக்கும் 8 வசனமா 22 பகுதியா இருக்கு, முழுக்க முழுக்க வேதத்து மேல உள்ள பிரியத்தைத்தான் பாடுது. விசைப்படகுக்குப் போறவங்க ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல கரையிலதான் இருப்பீங்க, நாளுக்கு ஒரு பகுதின்னா ரெண்டு சுத்து வந்துட்டு இன்னும் நாள் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு பகுதியிலயும் ஒரே ஒரு வசனத்தைப் பிடிச்சுக்கங்க, எட்டையும் பிடிக்க வேணாம்.

அன்பியத்துலயோ (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்க சேர்ற கூட்டம்) வீட்டு ஜெபத்துலயோ நாலு பேரா செய்யணும்னா, ஒருத்தர் பகுதியை வாசிக்கட்டும், ரெண்டு நிமிஷம் எல்லாரும் சும்மா இருங்க, அப்புறம் தன்னை இழுத்த வசனத்தை மட்டும் ஒவ்வொருத்தரும் சொல்லட்டும், ஏன்னு ஒரு வரி. யாரும் யாருக்கும் பிரசங்கம் பண்ணக் கூடாது, திருத்தவும் கூடாது. பெரும்பாலும் கடைசியில உக்காந்திருக்கற பாட்டியம்மா, ஸ்கூல் பிள்ளை சொல்றதுதான் வீட்டுக்குப் போனாலும் மனசுல நிக்கும், அதனால அவங்களை முதல்ல பேசச் சொல்லுங்க. அதுக்கு அடுத்து மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒரு சம்பவம்னு எடுங்க. 4ஆம் அதிகாரத்துல "இரையாதே, அமைதலாயிரு"ன்னு காத்தை அதட்டுற இடம் வர்றப்ப ஒரு வாரம் அங்கயே இருந்துட்டு மெதுவா வாங்க.